தடுப்பு முகாமில் தரும் பட்டன் போன்: பாவித்தவனின் மதிப்பீடு

பிரிட்டனில் குடிவரவுத் தடுப்பு முகாமுக்குள் கொண்டுபோனதும் கமெராவும் இன்ரநெற்றும் உள்ள உங்கள் சொந்தப் போனை வாங்கிப் பையில் போட்டு வைத்துவிடுவார்கள். வெளியே வரும்வரை பாவிப்பதற்கு ஒரு பட்டன் போன் தருவார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பற்றரி அருமை. சார்ஜ் போட மறந்தாலும் மறுநாள் தாங்கும். கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. எனக்குக் கிடைத்ததில் 5 என்ற பட்டன் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, ஆனாலும் வேலை செய்தது. முன்பு வைத்திருந்தவர் பதிந்த இலக்கங்களை யாரும் அழிக்கவில்லை. லோயர் 1, லோயர் 2, லோயர் 3 என்று மூன்று பெயர்கள். அவருடைய கேஸ் எப்படிப் போனது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சிக்னல் மோசம். என் அறையில் ஜன்னலோடு ஒட்டி நின்றால்தான் கதைக்கலாம்.

ஆனால் உண்மையான குறை கமெரா இல்லாததுதான். குடிவரவைப் பார்க்கும் அரசு அமைச்சான ஹோம் ஆபீஸின் கடிதம் வந்தால் வெளியே இருப்பவர் படம் எடுத்து வட்ஸ்அப்பில் லோயருக்கு அனுப்பிவிடுவார். நான் அண்ணாவுக்குப் போன் எடுத்து, விளங்காத சொற்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஆர், ஈ, எஃப், யூ... எஸ் வந்ததும், "சரி, விளங்குது, விடு" என்றார். ரிஃபியூஸ்ட், அதாவது மறுத்துவிட்டார்கள்.

அம்மா அனுப்பிய ஆஸ்பத்திரித் துண்டு, என் முதுகுத் தழும்புப் படங்கள் எல்லாம் அந்தப் பைக்குள் கிடந்த போனில் இருந்தன. தஞ்சம் கேட்டால் நம் கதையை நிரூபிக்க வேண்டியது நாம். நிரூபிக்கிற சாமானைப் பூட்டி வைத்திருப்பது அவர்கள். முகாமில் இலவசமாகக் கிடைக்கும் சட்ட ஆலோசனை 30 நிமிடம். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கதைத்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். மிச்சத்தை போனில்தான் முடிக்க வேண்டும். உள்ளே வேலை செய்தால் மணிக்கு 1 பவுண். வெளிநாட்டுக்கு எடுத்தால் அந்தக் காசு எத்தனை நிமிடம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கமெரா கூடாது என்பதற்கு மற்றவர்களின் பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஊரில் இருந்து தப்பி வந்தவன் தன் முகம் பேஸ்புக்கில் வருவதை விரும்பமாட்டான். ஆனால் கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள புரூக் ஹவுஸ் முகாமில் காவலர்கள் செய்த கொடுமை வெளியே வந்ததே 2017இல் அங்கு வேலை செய்த ஒருவர் மறைத்து வைத்திருந்த கமெராவால்தான். பிபிசி அதை ஒளிபரப்பியது. பிறகு நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2023 செப்டம்பரில் வந்தது. ஐந்து மாத காலத்துக்குள் மனிதத்தன்மையற்ற அல்லது இழிவான நடத்தை எனக் கருதக்கூடிய 19 சம்பவங்களுக்கு நம்பத்தகுந்த சான்று இருப்பதாக அது சொன்னது. கையில் பட்டன் போன் வைத்திருந்தவர்கள் யாரிடம் எதைக் காட்டியிருக்க முடியும்?

போனில் நாட்காட்டியும் உண்டு, பெரிய பயனில்லை. பெரியவர்களைப் பொதுவாக இத்தனை நாள்தான் வைத்திருக்கலாம் என்று பிரிட்டனில் சட்டம் இல்லை. 28 நாள் எல்லை வையுங்கள் என்று அதே விசாரணை பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை.

போனுக்கு 5இல் 3. அதைத் தருகிற ஏற்பாட்டுக்கு 1, அதுவும் பற்றரிக்காக.

ஹோம் ஆபீஸ் சொன்ன நாளில் அதன் அலுவலகத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கேயே வைத்துப் பிடித்துக்கொண்டு போவதும் நடக்கிறது. போவதற்கு முந்தின நாளே ஆவணங்களையும் படங்களையும் நம்பிக்கையான ஒருவரின் ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். லோயர், வீட்டு இலக்கங்களைக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். உங்கள் சிம்மைப் பட்டன் போனில் போட்டால், சிம்மில் பதிந்த இலக்கங்கள் வரும், சொந்தப் போனில் பதிந்தவை வராது.