போஸ் எஸ்1 ப்ரோ: பாடும் இருவருக்கு ஒரு பெட்டி போதுமா?

இரண்டு கிதார், இரண்டு குரல், ட்ரம்ஸ் கிடையாது. இப்படி மேடையேறத் தொடங்கும் இருவருக்குப் பலரும் கைகாட்டுவது 2018-ல் வந்த போஸ் எஸ்1 ப்ரோ என்னும் ஸ்பீக்கர் பெட்டியைத்தான். எடை 7 கிலோ சொச்சம், ஒரு கையில் தூக்கிவிடலாம். பேட்டரி, ரிவெர்ப் (ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் வசதி) எல்லாம் உள்ளேயே. நாற்பது ஐம்பது பேர் உட்காரும் கூடத்துக்கும், விழாக்களில் ஓரமாகப் போடும் சின்ன மேடைக்கும் இது ஒன்றே போதும் என்பார்கள். பாதி உண்மை. இது ஒரு ஆளை மனதில் வைத்துச் செய்த பெட்டி. இருவராக இதன் முன் நிற்கும்போதுதான் இடிக்கிறது.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே புரியும். மைக்கோ கிதாரோ செருக இரண்டே இரண்டு காம்போ சாக்கெட், அதாவது மைக்கின் எக்ஸ்எல்ஆர் பின்னும் கால் அங்குல ஜாக்கும் நுழையும் துளை. மூன்றாவது சேனல் ப்ளூடூத்துக்கும் 3.5 மி.மீ. ஆக்ஸ் கேபிளுக்கும் மட்டும். இரண்டு குரலும் இரண்டு கிதாரும் சேர்ந்தால் நான்கு உள்ளீடு வேண்டும், இருப்பதோ இரண்டு. மீதி இரண்டை எங்கிருந்து கொண்டுவருவது என்பதில்தான் நிகழ்ச்சியின் ஒலி நன்றாக அமைவதும் கெடுவதும் இருக்கிறது.

சிலர் ஒய் கேபிள் போட்டு இரண்டு மைக்கை ஒரே சாக்கெட்டில் செருகப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். ஒரு மைக் இன்னொன்றுக்குச் சுமையாகி இரண்டின் ஒலியும் மங்கும். ஒருவர் குரலை மட்டும் ஏற்றவோ இறக்கவோ வழியும் இருக்காது. ஒரே மைக்கில் இருவரும் பாடலாமே என்றால், ஷ்யூர் எஸ்எம்58 போன்ற மைக்குக்கு வாய் மூன்று முதல் ஐந்து செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். இருவர் தலையும் அங்கே நுழையாது. விலகி நின்றால் வால்யூமை ஏற்ற வேண்டிவரும், ஏற்றினால் பெட்டியின் ஒலியே மைக்கில் திரும்ப ஏறி ஊளையிடும். அதற்கென்று கண்டென்சர் மைக் வைக்கும் பாணி ஒன்று உண்டு. அதற்கு 48 வோல்ட் பேன்டம் பவர் தேவை, அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம். எஸ்1 ப்ரோ அதைத் தருவதில்லை.

ஆக மிஞ்சுவது இரண்டு வழி.

முதலாவது, பல உள்ளீடுகளைக் கலந்து ஒன்றாக்கும் சின்ன மிக்ஸர் ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் வைப்பது. இங்கே பலர் ஏமாறும் இடம், மிக்ஸரின் பெயரில் உள்ள எண். யமஹா எம்ஜி06-ல் மைக் உள்ளீடு இரண்டுதான். அதை வாங்கினால் மறுபடியும் அதே பற்றாக்குறை. எம்ஜி10எக்ஸ்யூவில் நான்கு உண்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹை-பாஸ் பொத்தானும் பேன்டம் பவரும் உண்டு. அதன் வெளியீட்டை எஸ்1-ன் முதல் சேனலில் கால் அங்குல ஜாக் வழியாகக் கொடுங்கள். மைக்குக்கோ கிதாருக்கோ ஏற்ப ஒலியைத் திருத்தும் டோன்மேட்ச் சுவிட்ச் அந்த சேனலில் ஆஃபில் இருக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சுவிட்ச் மைக் பக்கம் கிடந்தால், குரலுக்கென்று வைத்த திருத்தம் கிதாரின் மீதும் ஏறும். கிதார் தகரடப்பா மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் தேடி கம்பியை மாற்றுவார்கள், பிக்கப்பைக் குறைசொல்வார்கள். குற்றவாளி அந்தச் சின்ன சுவிட்ச்.

இன்னொன்று: பெட்டி மோனோ, இடம் வலம் என்ற பிரிவு அதற்குக் கிடையாது. மிக்ஸரின் இடது வெளியீட்டை மட்டும் எடுத்தால், ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளும் பேன் திருகு எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும். அழகுக்காக ஒரு கிதாரை முழுக்க வலப்பக்கம் திருப்பினால் அந்தக் கிதார் கூடத்தில் கேட்கவே கேட்காது.

மிக்ஸர் வழியில் ஒரு பெரிய குறை உண்டு. இந்த வகை மிக்ஸருக்குப் பேட்டரி இல்லை, அடாப்டர் வேண்டும். ப்ளக் பாயின்ட் தேடி ஓட வேண்டாம் என்றுதானே பேட்டரிப் பெட்டி வாங்கினோம்? மிக்ஸர் வந்ததும் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. பூங்காவிலோ நடைபாதையிலோ வாசிக்கப்போகும் இருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது வழி, ஆளுக்கொரு பெட்டி. ஒவ்வொருவரும் தம் மைக்கைத் தம் பெட்டியின் முதல் சேனலிலும் தம் கிதாரை இரண்டாவதிலும் செருகுகிறார்கள். டோன்மேட்ச் சுவிட்ச் ஒன்று மைக் பக்கம், ஒன்று கிதார் பக்கம். மிக்ஸர் வேண்டாம், அடாப்டர் வேண்டாம், நான்கு உள்ளீடும் கிடைத்தாயிற்று. பெட்டி வடிவமைக்கப்பட்டதே இந்தப் பயன்பாட்டுக்குத்தான் என்பதால் எல்லாத் திருகும் அர்த்தத்தோடு வேலை செய்கிறது. கேட்பவர்களுக்கு இன்னொரு லாபம்: இடப்பக்கம் நிற்பவரின் குரல் இடப்பக்கத்திலிருந்தே வருகிறது, இரண்டு கிதாரும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. செலவு கூடுதல், சந்தேகமில்லை. ஆனால் முதல் பெட்டியோடு மிக்ஸர், அடாப்டர், அதற்கான கேபிள் என்று சேர்த்துப் போவதைவிட இரண்டாவது பெட்டிக்குக் காத்திருப்பது மேல் என்பதே இந்த விமர்சனத்தின் பரிந்துரை. இரண்டாவது பெட்டி கைக்கு வரும்வரை மிக்ஸரை இரவல் வாங்கிச் சமாளியுங்கள்.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு கண்ணி உண்டு. தன் பெட்டி தனக்கு அருகில் இருப்பதால் தன் ஒலி பலமாகவும் மற்றவர் ஒலி சன்னமாகவும் கேட்கும். இரண்டு பாட்டு தாண்டியதும் ஒருவர் தன் வால்யூமை ஏற்றுவார், அடுத்தவரும் ஏற்றுவார், இடைவேளைக்குள் இரண்டும் உச்சியில் நிற்கும். பெட்டிகளை இரண்டரை மீட்டருக்கு மேல் பிரிக்காமல், இரண்டையும் லேசாக உள்நோக்கித் திருப்பி வைத்தால் இது பெருமளவு அடங்கும். ஒலிச் சோதனையின்போது ஒருவர் வாசிக்க, மற்றவர் கூடத்தின் நடுவுக்குப் போய்க் கேட்டு அளவு சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். குரலை முதலில் வையுங்கள், கிதாரை அதன் கீழே கொண்டுவாருங்கள். கிதாரை முதலில் வைத்தால் அதன் மேல் குரல் எடுபட வைப்பதற்குள் பெட்டியின் எல்லை வந்துவிடும். அளவு பிடித்த பிறகு திருகுகளின் நிலையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லை எவ்வளவு? கொடுக்கப்பட்டுள்ள கணக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 103 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். எட்டு மீட்டரில் 85, பதினாறு மீட்டரில் 79. இது முழு வால்யூமில், ஒலி பிசிறும் விளிம்பில் கிடைப்பது. கூட்டம் பேசிக்கொண்டே சாப்பிடும் இடத்தில் அந்தப் பேச்சே 70-ஐத் தாண்டும். ஆகவே திறந்தவெளியில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் இருப்பவர்களை இந்தப் பெட்டியால் பிடித்து வைக்க முடியாது. நான்கு சுவருக்குள் நிலைமை வேறு: சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் இன்னும் தூரம் போகும், ஆனால் மூலையில் வைத்தால் கீழ்ஸ்வரங்கள் வீங்கிக் கொழகொழத்துவிடும். பெட்டி நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, ஸ்டாண்டில் இருக்கிறதா என்பதை அதுவே உணர்ந்து ஒலியைத் திருத்திக்கொள்கிறது. நல்ல வசதிதான். பின்னால் சுவர் இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், மூலை வேண்டாம்.

தரையில் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் நின்று பாடுவது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் முன்வரிசைக்காரர்களின் முழங்காலுக்குத்தான் பாட்டு போய்ச் சேரும், பின்வரிசைக்குப் போகாது. அதோடு மைக் பெட்டிக்கு நேராக இருப்பதால் ஊளை நிச்சயம். 35 மி.மீ. குழாயுள்ள சாதாரண ஸ்பீக்கர் ஸ்டாண்டில், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் வரும்படி ஏற்றி, மைக்கைவிட அரை மீட்டர் முன்னால், பக்கவாட்டில் நிறுத்துங்கள். இதன் ஒலி கிடைமட்டமாக 120 டிகிரிக்கு விரிவதால் அந்த இடத்திலிருந்தும் பாடுபவருக்குத் தேவையான அளவு கேட்கும், தனி மானிட்டர் இல்லாமலே ஓட்டிவிடலாம். எஸ்எம்58 கார்டியாய்டு வகை, நேர் பின்பக்கத்தில்தான் அதற்குக் காது மிகக் குறைவு. பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக் என்றால் கணக்கு மாறும்: அதற்குக் காது கேட்காத இடம் நேர் பின்னால் இல்லை, சாய்வாக இருபுறமும் சுமார் 126 டிகிரியில். மைக்கை மாற்றிவிட்டுப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தால் திடீரென்று கத்தத் தொடங்குவது இதனால்தான்.

கிதார் பக்கம் வரும் சிக்கல் வேறு மாதிரி. ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி அடிக்கும்போது மட்டும், அல்லது ஐந்தாம் கம்பியைத் திறந்து அடிக்கும்போது மட்டும் 'பூம்' என்று ஒலி வீங்குகிறதா? அது கிதாரின் உடலுக்குள் இருக்கும் காற்று அதிர்வது. பெரும்பாலான பெரிய உடல் கிதார்களில் இது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும், அந்த இரண்டு ஸ்வரங்களும் 98, 110 ஹெர்ட்ஸில் அதன் இருபுறமும் நிற்கின்றன. இதைக் குறிவைத்து வெட்ட எஸ்1 ப்ரோவில் கருவி எதுவும் கிடையாது. பாஸ், ட்ரெபிள், ரிவெர்ப், வால்யூம், அவ்வளவுதான். மிட் திருகு இல்லை, ஹை-பாஸ் இல்லை, ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச் இல்லை, உள்ளே வரும் ஒலியின் பலத்தை அமைக்கும் தனி கெய்ன் திருகும் இல்லை. இந்தப் பெட்டியின் மேல் வைக்கவேண்டிய பெரிய புகார் இதுதான், உள்ளீட்டின் எண்ணிக்கைகூட அப்புறம்தான். பாஸைக் குறைத்தால் வீக்கத்தோடு கிதாரின் உடம்பும் சேர்ந்து போய்விடுகிறது. மலிவான, ஆனால் கச்சிதமான மருந்து, ஒலித்துளையில் பொருத்தும் ரப்பர் மூடி. அதைப் போட்டுவிட்டுப் பாஸ் திருகை நடுவிலிருந்து சற்றே குறைத்தால் போதும். கிதாரிலேயே ஃபேஸ் பொத்தான் இருந்தால் இரண்டு நிலையிலும் வைத்துப் பார்த்து, குறைவாக ஊளையிடும் பக்கம் விட்டுவிடுங்கள்.

பிரிஆம்ப் (கிதாருக்குள்ளேயே இருக்கும் சின்ன ஒலிபெருக்கி) இல்லாத, வெறும் பீசோ பிக்கப் (அதிர்வை மின்னலையாக்கும் உணரி) மட்டும் உள்ள கிதாரை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேரே செருகினால் கம்பியொலி மட்டும் கீச்சென்று வரும், உடல் இருக்காது. பீசோவுக்குக் குறைந்தது ஒரு மெகாஓம் உள்ளீடு தேவை. பல மிக்ஸர்களின் லைன் உள்ளீடு அதில் நூறில் ஒரு பங்கு. இடையில் ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வைக்க வேண்டும், கிதாரின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. பிரிஆம்ப் உள்ள கிதார் என்றால் 9 வோல்ட் பேட்டரியைக் கவனியுங்கள். ஜாக் செருகியிருக்கும் நேரமெல்லாம் அது செலவாகிக்கொண்டே இருக்கும். தீரும் தறுவாயில் நின்றுபோகாது, கரகரக்கும். அதைப் பெட்டியின் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு கிதாரும் ஒரே இடத்தில் ஒரே கார்டை அடித்தால் 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை சேறாகிவிடும். எந்தப் பெட்டியும் அதைச் சரிசெய்யாது. ஒருவர் சி கார்டைத் திறந்த நிலையில் வாசித்தால் மற்றவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் பிடிப்பான்) போட்டு ஜி வடிவம் பிடிக்கட்டும், அதே சி கார்டு மேலே ஒலிக்கும்.

விழா மேடையில் பெரிய ஒலியமைப்பு ஏற்கெனவே இருக்கும். எஸ்1-ன் லைன் அவுட்டிலிருந்து ஒரு கேபிளைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அதில் போவது எல்லாம் கலந்த ஒற்றை மோனோ. இதில் மாஸ்டர் வால்யூம் இல்லை என்பதால் நீங்கள் ஒரு சேனலைத் தொட்டால் வெளியே போவதும் மாறும். குரல் தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்தாலும் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. அவருக்கு நான்கு தனி இணைப்பாகக் கொடுங்கள்: இடக்குரல், வலக்குரல், இடக்கிதார் டிஐ, வலக்கிதார் டிஐ. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே அனுப்பிவிட்டால், மேடை மாற்றும் பதினைந்து நிமிடத்தில் பாதி மிச்சமாகும். உங்கள் பெட்டியை மானிட்டராக வைத்துக்கொள்ளலாம். அவர் அனுப்பும் ஒலியை எக்ஸ்எல்ஆர் பின்னில் வாங்காமல் கால் அங்குல ஜாக்கில், டோன்மேட்ச் ஆஃபில் வாங்குங்கள், ஒலி அளவுமீறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியாது. டிஐ போட்டதும் 'ஹ்ம்ம்' என்று இரைந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டுங்கள். கிதாரைப் பிடுங்கும் முன் மியூட் செய்யச் சொல்லிவிட்டுப் பிடுங்குங்கள்.

பேட்டரி 11 மணி நேரம் வரை என்று போட்டிருக்கிறது. மிதமான ஒலிக்கான கணக்கு அது. வெளியே சத்தமாக வைத்தால் வெகுவாகக் குறையும், ஆனாலும் 45 நிமிடச் சுற்று இரண்டுக்குத் தாராளம். இடைவேளையில் ப்ளூடூத்தில் பாட்டு போடுபவர்கள் செல்போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து ப்ளூடூத்தை மட்டும் இயக்குங்கள். இல்லாவிட்டால் வரும் அழைப்பின் மணி கூடம் முழுக்க ஒலிக்கும். மழைத் தூறலுக்கு இது ஏற்ற பெட்டியல்ல. நேர் வெயிலிலும் வைக்காதீர்கள், சூடேறிய லித்தியம் பேட்டரி சீக்கிரம் முதுமையடையும். அதே வெயில் உங்கள் கம்பிகளையும் தளர்த்திச் சுருதியை இறக்கும் என்பதால் கிதாருக்கும் நிழல் தேடுங்கள்.

2023-ல் எஸ்1 ப்ரோ ப்ளஸ் வந்துவிட்டது. வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரும் செல்போன் செயலி வழிக் கட்டுப்பாடும் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் பழைய மாடலையே கைமாறியதாக வாங்கினாலும் ஜோடி சேரும். கைமாறியதை வாங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் சத்தமாக ஓட்டுங்கள், பேட்டரியின் லட்சணம் தெரிந்துவிடும். எல்லாத் திருகையும் மெல்லச் சுற்றிக் கரகரப்பு உண்டா பாருங்கள். இரண்டு காம்போ சாக்கெட்டிலும் ஜாக்கைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் வேறு பெட்டி தேடுங்கள்.