கரி இஸ்திரிப் பெட்டி: பித்தளையா, வார்ப்பிரும்பா?

கும்பகோணத்துப் பழைய பாத்திரக் கடைகளில் கரி இஸ்திரிப் பெட்டி தேடுவோர் பலரும் இந்த இரண்டுக்கும் இடையே தயங்குகிறார்கள்.

விலை: பித்தளை உலோக மதிப்பாலேயே கூடுதலாகும், இரும்பு மலிவு.

உழைப்பு: பித்தளை துருப்பிடிக்காது, அதன் பச்சைக் களிம்பைப் புளியே போக்கிவிடும். ஆற்றங்கரை ஈரத்தில் பரணில் கிடந்த இரும்போ துருவேறியிருக்கும். நான் மீட்ட இரும்புப் பெட்டியின் கீல், மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறிய பின்பே அசைந்தது. மூடியைத் திறந்தபோது, யாரோ கடைசியாகப் போட்ட கொட்டாங்கச்சிக் கரியின் சாம்பல் உள்ளே அப்படியே இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் தடவியதும் பெட்டி உயிர்பெற்றது.

பழுது: விரிசல் விட்ட வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது கடினம் என்பதால் அதை வாங்க வேண்டாம். மரப்பிடி இரண்டுக்கும் எளிதாக மாற்றலாம்.

அடித்தட்டில் துரு மிஞ்சினால் கறைபடுமாதலால், வெள்ளை வேட்டி தேய்ப்பவருக்குப் பித்தளையே ஏற்றது. குறைந்த செலவில், பொறுமையாக மீட்க விரும்புவோருக்கு இரும்பு.