காஸில்வேனியா 2: வழி மனப்பாடம் ஆன பிறகும் தீராத ஏமாற்றம்

‘காஸில்வேனியா 2: சைமன்ஸ் க்வெஸ்ட்’ என்ற பழைய வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். துப்பு எதுவும் புரியாது, ஊர்க்காரர்கள் பொய் சொல்வார்கள், அடுத்து எங்கே போவது என்றே தெரியாது. எல்லாம் உண்மைதான். ஆனால் பல வருடங்களாக இதை விட்டு விட்டு ஆடிவருகிற எனக்கு அந்தக் குறை இப்போது பெரிதாகப் படுவதில்லை. வழி முழுக்க மனப்பாடமாகி, எந்த ஊரில் எதை வாங்க வேண்டும் என்று கை தானாகப் போக ஆரம்பித்த பிறகுதான் இதில் என்ன இல்லை என்பது தெரிந்தது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு சண்டைகூட இல்லை.

முதல் பாகத்தை ஆடியவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டெனப் புரியும். 1986-ல் ஜப்பானில் நின்டெண்டோ கன்சோலின் துணைக் கருவியான ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்த கேம் அது. நாம் ஆட்டுவிக்கும் நாயகன் சைமன் பெல்மாண்ட் விறைப்பான ஆள். தாவிவிட்டால் நடு வானில் திசை மாற்ற முடியாது. சவுக்கைச் சொடுக்கினால் அது நீளும்வரை ஒரு கணம் காத்திருக்க வேண்டும். அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவார், பின்னால் பள்ளம் இருந்தால் கதை முடிந்தது. இந்த விறைப்பை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு எதிரியையும் அளந்து நிறுத்தியிருந்தார்கள். ஆடியவர்கள் யாரும் மறக்காத இடம், மரண தேவன் என்ற பாஸுக்கு, அதாவது கட்டத்தின் கடைசியில் நிற்கும் பெரிய எதிரிக்கு, முன்னால் வரும் அந்த நடைபாதை. எதிரே கோடாரி வீசும் கவச வீரன், மேலும் கீழுமாக அலைந்து பறந்து வரும் மெடூசா தலைகள். கோடாரி தலை உயரத்தில் வருகிறதா கால் உயரத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தலை பறந்து வரும் வளைவைக் கணக்குப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சவுக்கடிக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியைப் பிடிப்பதுதான் கேமே. எத்தனை தடவை செத்தாலும் தப்பு என்னுடையது என்று தெரியும், அதனால்தான் மறுபடியும் ஆடத் தோன்றும்.

இரண்டாம் பாகம் 1987-ல் ஜப்பானிலும் 1988 கடைசியில் அமெரிக்காவிலும் வந்தது. டிராகுலாவை வென்ற சைமன் மீது சாபம் விழுந்திருக்கிறது. டிராகுலாவின் உடல் பாகங்கள் ஐந்தையும் ஐந்து மாளிகைகளிலிருந்து எடுத்து வந்து எரித்தால்தான் அது தீரும். வரிசையான லெவல்களுக்குப் பதிலாகத் திறந்த நிலப்பரப்பு, கடைகள், அனுபவப் புள்ளிகள், மாறி மாறி வரும் பகலும் இரவும், எத்தனை நாளில் முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விதமான முடிவுகள். அந்தக் காலத்து 8 பிட் கன்சோலில் இத்தனையும் முயன்று பார்த்த துணிச்சலுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

துப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெபோரா பாறையின் முன்னால் சிவப்புப் படிகத்தை வைத்துக்கொண்டு சில நொடிகள் மண்டியிட்டால் சுழற்காற்று வந்து தூக்கிப் போகும். அதை யாரும் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை, அதுவும் பாறையில் தலையை முட்டச் சொல்லும் ஆட்கள் ஊரில் இருக்கும்போது. ஆங்கில மொழிபெயர்ப்பின் மேல் பழி போடுவார்கள், ஆனால் ஜப்பானிய மூலத்திலும் ஊர்க்காரர்கள் பொய் சொல்லத்தான் செய்கிறார்கள். எப்படியிருந்தாலும் ஒரு வழிகாட்டியைப் படித்துவிட்டால் இந்தப் பிரச்சினை அன்றோடு தீர்ந்துபோகும்.

தீராத பிரச்சினை மாளிகைகளில் இருக்கிறது. உள்ளே போனதும் வேலை ஒன்றுதான்: யாராவது ஒரு வியாபாரியைக் கண்டுபிடித்து 50 இதயம் (இந்த கேமில் அதுதான் காசு) கொடுத்து ஓக் மர ஆப்பு வாங்கி, கடைசியில் டிராகுலாவின் உடல் பாகத்தை அடைத்து வைத்திருக்கும் உருண்டையின் மேல் எறிய வேண்டும். வழியில் இருக்கும் எலும்புக்கூடுகளும் கவச வீரர்களும் அவரவர் இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார்கள். இரண்டு எதிரிகள் சேர்ந்து நம்மை யோசிக்க வைக்கும் இடம் அபூர்வம். அதற்குப் பதிலாகப் பொய்த் தரை வைத்திருக்கிறார்கள். பார்க்க மற்ற கல்லைப் போலவே இருக்கும், கால் வைத்தால் நேராகக் கீழே. தப்பிக்க ஒரே வழி, இரண்டடிக்கு ஒருமுறை நின்று புனித நீர்ப் புட்டியை எறிந்து பார்ப்பது. தரை தாங்கினால் இரண்டடி, மறுபடி நிற்பது, மறுபடி எறிவது. முதல் பாகத்தில் இதே புனித நீர்தான் மரண தேவனையே கட்டிப்போடும் ஆயுதமாக இருந்தது. இங்கே அது தரையைத் தட்டிப் பார்க்கும் கோலாகிவிட்டது.

ஐந்து மாளிகைகளில் மூன்றில் பாஸே கிடையாது. இருக்கும் இரண்டில் ஒருவர் அதே மரண தேவன். நான்கு பக்கமும் அரிவாள்களைப் பறக்கவிட்டு நம்மை அழவைத்தவர், இங்கே மெதுவாக மிதந்துகொண்டிருக்கிறார். அவரை அடிக்காமலேயே தாண்டிப்போய் உருண்டையை உடைத்துவிடலாம். முதல் தடவை அப்படித் தாண்டிப் போனபோது எனக்கு வந்தது சந்தோஷமல்ல, வருத்தம். இன்னொரு பாஸான கார்மில்லா ஒரு பறக்கும் முகமூடி, அவ்வளவுதான்.

இரவு வந்தால் எதிரிகளுக்கு இரண்டு மடங்கு அடி தேவைப்படும். ஊருக்குள் கடையும் தேவாலயமும் மூடி, தெருவில் பிணங்கள் நடக்கும். யோசனையாகப் பார்த்தால் அருமை. ஆனால் கடினமாவது சண்டையல்ல, அதன் நீளம் மட்டும். ஒரு சொடுக்கில் விழுந்தவன் இரண்டு சொடுக்கில் விழுவான். இரவும் பகலும் மாறும் ஒவ்வொரு முறையும் கேம் நின்று, திரையில் பெட்டி விரிந்து, எழுத்து எழுத்தாக அறிவிப்பு வரும். தாவலின் நடுவில் வந்தாலும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். தொடக்க ஊரில் வெள்ளைப் படிகம் 50, புனித நீர் 50, முள் சவுக்கு 100 இதயம். அதைச் சேர்க்கக் காட்டில் எலும்புக்கூடுகளை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று உயிரும் போய்விட்டால் கையிலிருந்த இதயமெல்லாம் பூஜ்யம், மறுபடி காட்டுக்கு.

கடைசியில் டிராகுலாவின் கோட்டை. அதற்குள் ஒரு எதிரிகூட இல்லை. காலியான அறைகள் வழியாக இறங்கிக்கொண்டே போகிறோம். அமைதியில் ஒரு பயம் இருக்கிறது, அது பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் முதல் தடவை பிடித்தது. அப்புறம் டிராகுலா எழுந்து வருகிறார், தங்கக் கத்தியை விடாமல் எறிந்தால் நகரக்கூட முடியாமல் நின்ற இடத்திலேயே முடிந்துபோகிறார். அத்தனை அலைச்சலுக்கும் இதுதான் பலன்.

இதையெல்லாம் மீறி என்னை மறுபடி மறுபடி இழுப்பது இசை. பகலில் ஊரை விட்டு வெளியே வந்ததும் தொடங்கும் ‘ப்ளடி டியர்ஸ்’, கெனிச்சி மட்சுபாரா அமைத்தது. இந்தத் தொடரின் பின்வந்த கேம்களில் எத்தனையோ வடிவங்களில் அதைக் கேட்டாயிற்று. இருந்தாலும் அந்தப் பழைய சிப்பின் ஒலியில், காட்டுப் பாதையில் நடந்துகொண்டே கேட்பதற்கு ஈடாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தத் திறந்த உலக யோசனைக்கும் அழிவில்லை. 1997-ல் இதே தொடரில் வந்த ‘சிம்பொனி ஆஃப் தி நைட்’ அதை எடுத்து, நல்ல பாஸ்களையும் வைத்து, முழுமையாக்கிக் காட்டியது.

இப்போது ஆட விரும்புபவர்களுக்கு 2019-ல் வந்த, தொடரின் பழைய கேம்கள் அடங்கிய ஆனிவர்சரி கலெக்‌ஷன் வசதியானது. எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்துகொள்ளலாம், அதனால் இதயத்தை இழக்கும் எரிச்சல் இல்லை. எழுத்தின் வேகத்தைக் கூட்டி வரைபடமும் சேர்த்து ரசிகர்கள் திருத்திய வடிவம் ஒன்றும் உண்டு, பொறுமை குறைந்தவர்களுக்கு அது நல்லது. கலெக்‌ஷனில் முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். மூன்றில் பழைய லெவல் முறைக்கே திரும்பிப் பாதையைக் கிளைகளாகப் பிரித்திருப்பார்கள், சண்டையும் திரும்பி வந்திருக்கும். இரண்டாம் பாகத்தை ஆடும்போது வழிகாட்டியைப் பக்கத்தில் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அமெரிக்காவில் கேம் கடைக்கு வருவதற்கு முன்பே நின்டெண்டோ பவர் என்ற கேம் பத்திரிகையே தன் 2-வது இதழின் அட்டையில் இதைப் போட்டு, உள்ளேயும் இதைப் பற்றி எழுதியிருந்தது.