பதிவில் பக்கத்தில் பக்கத்தில், மெயிலில் மேலும் கீழும்

நான் பயன்படுத்தும் நியூஸ்லெட்டர் சேவைக்கு ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்களாம், எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். சேவையின் பெயர் வேண்டாம். பதிவை வெளியிட்டால் மெயில் தானாகப் போய்விடும் என்று சொல்லும் எந்தச் சேவையை எடுப்பதானாலும் இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெயில் ஸ்பாமில் விழுவதாக யாரும் சொன்னதில்லை, தமிழ் எழுத்து எங்கும் உடைந்ததில்லை, எழுதிக் கேட்டால் மறுநாளே பதில் வருகிறது.

பிரச்சினை படங்கள்தான். நான் எழுதுவது பறவைகளைப் பற்றி. குயிலையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆண் பளபளவென்று கறுப்பு, பெண் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பெண் குயிலைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ பறவை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே ‘இடது: ஆண், வலது: பெண்’ என்று போடுகிறேன். பதிவில் கச்சிதமாக இருக்கிறது. அதையே மெயிலாக மாற்றும்போது ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டு, இரண்டையும் முழு அகலத்துக்கு இழுத்துவிடுகிறது, படக்குறிப்பு மட்டும் இடது வலது என்றே நிற்கிறது. ‘இதில் இடது எதுங்க?’ என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதினார். அவர் கேட்டது நியாயம்தானே!

புகார் செய்தால், மெயில் செயலிகள் அப்படித்தான் என்கிறார்கள். உண்மைதான், விண்டோஸில் நிறுவும் பழைய அவுட்லுக் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் செயலி, 2007 பதிப்பிலிருந்தே மெயிலை வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் காட்டுகிறது, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொல்லும் பிளெக்ஸ், கிரிட் கட்டளைகள் எதுவும் அதற்குப் புரியாது, இந்த அகலத்தைத் தாண்டாதே என்று மேக்ஸ்-விட்த் எழுதினாலும் கண்டுகொள்ளாது. ஆனால் இது ஊரறிந்த விஷயம். மெயில் வடிவமைப்பவர்கள் இத்தனை வருஷமாக 600 பிக்சல் அகல டேபிளுக்குள் படத்தை வைத்து, அகலத்தைப் படத்தைக் காட்டும் கட்டளையான இமேஜ் டேகிலேயே எண்ணாக எழுதிச் சமாளிக்கிறார்கள். இரண்டு படம் என்றால் ஒரே வரிசையில் இரண்டு கட்டம், அவ்வளவுதான். இந்த மாற்றும் வேலைக்குத்தானே காசு வாங்குகிறார்கள்?

இன்னொன்று, தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னும் பலமாக விழும் அடி. ஜிமெயில் ஒரு மெயிலின் எச்டிஎம்எல், அதாவது எழுத்தும் வடிவமைப்புக் கட்டளைகளும் சேர்ந்தது, 102 கேபி அளவைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டி, இணைப்பைத் தட்டிப் பார்க்கச் சொல்லிவிடும். படத்தின் எடை இந்தக் கணக்கில் வராது, எழுத்தும் கட்டளைகளும் வரும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று, ‘கு’ என்று எழுதினால் க, உகரக் குறி இரண்டும் சேர்ந்து ஆறு. இந்தச் சேவை ஒவ்வொரு பத்திக்கும் படத்துக்கும் நீளமான ஸ்டைல் வரியை வேறு திரும்பத் திரும்ப ஒட்டுகிறது, ஆகவே நீண்ட பதிவென்றால் கடைசிப் படங்கள் வெட்டுக்குப் போய்விடுகின்றன.

இப்போதைக்கு நான் செய்வது இதுதான். இரண்டு படங்களையும் ஒரே படமாக ஒட்டி, 1200 பிக்சல் அகலத்தில் ஜேபெக்காகச் சேமித்து, 600 அகலத்தில் காட்டச் சொல்கிறேன். வெப்-பி என்ற பட வடிவம் வேண்டாம், பழைய அவுட்லுக் பதிப்புகள் பலவற்றில் அது தெரியாது. ஆண், பெண் என்பதைப் படத்துக்குள் எழுதாமல் குறிப்பிலும், படம் வராதபோது அந்த இடத்தில் தெரியும் ஆல்ட் டெக்ஸ்டிலும் எழுதுகிறேன், ஏனென்றால் அலுவலக மெயில்களில் பல நேரம் படமே தடுக்கப்பட்டிருக்கும். போனில் பறவை கொஞ்சம் சிறுத்துப்போகிறது, ஆனால் இடது இடதாகவே இருக்கிறது. பதிவிலும் இதே படம்தான், இரண்டிலும் ஒரே மாதிரி.

ஆனால் ஒவ்வொரு முறையும் இந்த ஒட்டு வேலையை நான்தான் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. வெறும் எழுத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நண்பரோ கோலத்தைப் படிப்படியாகப் படம் போட்டு விளக்குகிறவர், அவருக்கு என் பதில்: பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். சந்தா முடிந்ததும் நானும் மாறப்போகிறேன். அடுத்ததில் இரண்டு குயில் படங்களைப் போட்டு எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.