சேட்சுபுன் சோயாப் பொட்டலம்: வகுப்பறைக்கு எதை வாங்கலாம்?

ஜப்பானில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்களை முதலில் திகைக்க வைப்பது சேட்சுபுன் என்ற பேய் விரட்டும் சடங்கு. பேய் முகமூடி போட்டவர் மேல் பிள்ளைகள் வறுத்த சோயாவை வாரி எறிவார்கள். பேய் வேஷம் பல இடங்களில் ஆசிரியருக்குத்தான்! வழக்கமாகப் பிப்ரவரி 3. ஆனால் 2021, 2025-இல் 2-ஆம் தேதியே வந்துவிட்டது.

இதற்கென்று சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் 'ஃபுகுமாமே' (வறுத்த சோயா) பொட்டலம் இரண்டு விதம். உதிரியாக வருவது எறிய அருமை, பெருக்கத்தான் பாடு. மிதிபட்டு மாவாகித் தரை இடுக்கில் அப்பிக்கொள்ளும். குட்டிக் குட்டிப் பைகளில் அடைத்ததே வகுப்புக்குத் தோது. பையோடு எறிந்து, பையோடு பொறுக்கி, வயதுக்கு ஒன்றாக எண்ணித் தின்னலாம். பச்சை சோயா வாங்கிவிடாதீர்கள். எறிந்தது முளைத்தால் கேடு என்பது அங்குள்ள நம்பிக்கை.

சில பொட்டலங்களோடு வரும் காகித முகமூடி சுமார்தான். ரப்பர் மாட்டும் துளை கிழியும். முன்கூட்டியே பின்னால் செலோ டேப் ஒட்டுங்கள்.

ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குச் சோயா போன்ற கெட்டிப் பருப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்று ஜப்பான் அரசின் நுகர்வோர் முகமையே எச்சரிக்கிறது. எறிவதற்குச் செய்தித்தாளைக் கசக்கி உருட்டினால் போதும், 'ஓனி வா சோதோ' (பேயே வெளியே போ) கூச்சல் குறையாது. ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோவில் சோயாவுக்குப் பதில் ஓடு உரிக்காத வேர்க்கடலை எறிவார்கள். சுத்தம் செய்வது சுலபம், ஆனால் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.