பயிற்சிக்கூடமா, வெளிவேலையா: தம்பிக்காக நாங்கள் எடுத்த முடிவு

மனச்சிதைவு நோய்க்கு ஒன்பது ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் என் தம்பியை வேலைக்கு அனுப்ப முடிவெடுத்தபோது எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மறுவாழ்வு மையத்தின் தொழிற்பயிற்சிக்கூடம். மற்றொன்று, சமூகப் பணியாளரின் துணையோடு வெளியே ஒரு வேலை. அவன் முதலாவதில் ஓராண்டு இருந்தான். இரண்டு ஆண்டுகளாகத் திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் பைண்டிங் செய்கிறான். எனக்கு இரண்டாவதே மேல் என்று படுகிறது.

பயிற்சிக்கூடத்தின் நன்மைகள் பலரும் அறிந்தவை. அவசரப்படுத்துபவர் இல்லை, மாத்திரை மயக்கத்தைச் சோம்பல் என்று சொல்பவரும் இல்லை. ஆனால் காகித உறை ஒட்டிக் கிடைக்கும் ஊக்கத்தொகை பேருந்துச் செலவுக்கே சரியாகிவிடும். தவிர, பயிற்சி முடிந்து வேலைக்குப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.

முதலில் வேலை, பிறகு வேலையிடத்திலேயே பயிற்சியும் ஆதரவும் என்னும் முறை 1990களில் அமெரிக்காவில் உருவானது. பயிற்சியை முன்னால் வைக்கும் திட்டங்களைவிட இதில்தான் அதிகம் பேர் வேலை பெற்றார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதன் உயிர்நாடி வேலை வாங்கித் தருவதில் இல்லை, சேர்ந்த பிறகும் தொடரும் கவனிப்பில் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அச்சகத்துக்கு முன்பு, நோயை மறைத்து அவனை ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டோம். நாற்பது நாள்கூட அவன் அங்கே நிலைக்கவில்லை.

அச்சகத்தில் சேரும்போதே சமூகப் பணியாளர் முதலாளியிடம் பேசி, இரவு மாத்திரையின் அசதி தெளியும்வரை காலை பத்தரைக்கு வந்தால் போதும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். டிசம்பரில் காலண்டர், டைரி வேலை குவிந்தபோது தொடர்ந்து மூன்று இரவுகள் தம்பி கண்விழித்தான். நான்காம் நாள், மடித்த தாள்களை அடுக்காமல் கையில் பிடித்தபடியே சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். முதலாளி எங்களுக்குச் சொல்லுமுன் சமூகப் பணியாளரை அழைத்திருக்கிறார். மருத்துவரைப் பார்த்து, ஐந்து நாள் விடுப்புக்குப் பின் இரவு வேலை கிடையாது என்ற ஏற்பாட்டோடு அதே மேசைக்குத் திரும்பினான். அந்த ஒரு தொலைபேசி எண் முதலாளியிடம் இருந்ததால்தான் வேலை நிலைத்தது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்துக்கொண்டு, அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. அதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்று வேண்டும். பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்தக் காப்பு அரசு நிறுவனங்களுக்கானது; ஆறு பேர் வேலை செய்யும் அச்சகத்துக்கு அது எட்டாது. அங்கே மாதாமாதம் வந்து எட்டிப்பார்க்கும் ஒருவர்தான் காப்பு. ஆகவே எந்த அமைப்பை அணுகினாலும், வேலை கிடைத்த ஆறாம் மாதத்தில் முதலாளியோடு யார் பேசுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

நான் சொல்வது என் தம்பி ஒருவனை வைத்துத்தான். நோயால் காதில் கேட்கும் குரல்கள் இன்னும் அடங்காதவருக்கும், பல ஆண்டுகளாக வீட்டுவாசல் தாண்டாதவருக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஒன்பது மணிக்குள் குளித்து, தானே பேருந்தேறும் பழக்கத்தை என் தம்பிக்குத் தந்ததும் அந்தப் பயிற்சிக்கூடம்தான்.