களமா, ஆய்வகமா, கணினியா: நிலவியல் பிஎச்.டி.க்கு எந்த வழி?

நிலவியலில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் முதலில் தலைப்பைத் தேடுகிறார்கள். எரிமலையா, புதைபடிவமா, நிலத்தடி நீரா என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, தரவு எங்கிருந்து வரப்போகிறது என்பது. உங்கள் அன்றாடம் எப்படி இருக்கும் என்பது அதைப் பொறுத்துத்தான் அமையும்.

களப்பணியை எடுத்துக்கொள்வோம். ஒரு பகுதி முழுக்க நடந்து, பாறை அடுக்குகளின் போக்கையும் சாய்வையும் குறித்து வரைபடமாக்குகிறீர்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த நிலத்தை உங்கள் அளவுக்கு அறிந்தவர்கள் வெகு சிலரே இருப்பார்கள். சிக்கல், களப்பணிக்கு ஏற்ற பருவம்தான். பிரிட்டனில் பிஎச்.டி. பெரும்பாலும் மூன்றரை, நான்கு ஆண்டுகள். அமெரிக்காவில் ஐந்து, ஆறு. பனி மூடும் மலைகளில் வேலை என்றால் பிரிட்டன் மாணவருக்கு மூன்று பருவம் கிடைத்தாலே அதிகம். அனுமதிக் கடிதம் தாமதமானால் அதில் ஒன்று போய்விடும்.

ஆய்வகத்தில் மழை வெயில் தொல்லை இல்லை, ஆனால் வேறு வகைப் பொறுமை வேண்டும். பாறையின் வயதைக் காண அதிலுள்ள ஜிர்கான் என்ற கனிமத்தின் படிகத்தை நாடுகிறோம். அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக விலக்கிவிடும். ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியச் சிதைவில் வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235க்கு சுமார் 70 கோடி. ஒரே படிகத்தில் இரண்டு கணக்கு. ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் ஜிர்கான் ஒன்றுக்கு இப்படித்தான் சுமார் 440 கோடி ஆண்டு வயது கிடைத்தது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த எண் வருவதற்குள் பாறையை உடைத்து, அரைத்து, கனமான திரவத்தில் பிரித்து, காந்தத்தால் வடித்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு படிகமாகப் பொறுக்க வேண்டும். அப்புறம், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமானிக்கு வரிசையில் நிற்க வேண்டும். பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் வெளியிட்ட அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சனைத் திணறடித்தது காற்றிலும் தூசியிலும் இருந்த ஈயம்தான். அந்தக் கலப்படத்தை விரட்டவே அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். இந்தத் துப்புரவில் மனம் ஒன்றாதவர்கள் ஆய்வகப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கணினி வழி செலவு குறைந்தது. அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். 2014இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-1இன் ரேடார் தரவை வைத்து, நிலநடுக்கத்துக்குப் பின் தரை எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கலாம். நிலநடுக்கப் பதிவுகளும் ஏராளமாகத் திறந்து கிடக்கின்றன. டென்மார்க்கின் நிலநடுக்கவியலாளர் இங்கெ லேமன் 1936இல் பூமியின் உட்கருவைக் கண்டறிந்தது இத்தகைய பதிவுகளை அலசித்தான். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது எல்லோருக்கும் கிடைக்கும். உங்கள் கேள்வியை வேறொரு குழு முந்திக்கொள்ளும் ஆபத்து இங்கேதான் அதிகம். பிற்பாடு வேலை தேடும்போது நிரல் எழுதும் திறன் கைகொடுக்கும் என்பதையும் சொல்லவேண்டும்.

என்னைக் கேட்டால், களத்தில் தொடங்கி ஆய்வகத்தில் முடியும் தலைப்பையே சொல்வேன். ஒரு டைக் பாறை (வெடிப்பில் புகுந்து உறைந்த பாறைக்குழம்பு) இன்னொரு பாறையை வெட்டிச் செல்கிறது என்று நேரில் பார்த்துக் குறித்தவருக்கு, டைக்கின் வயது தெரிந்ததும் மற்றது அதைவிட மூத்தது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கையில் இருப்பது ஓர் எண் மட்டுமே.

களத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. ஜெர்மனியின் பிரேமன், ஜப்பானின் கோச்சி, டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் ஆழ்கடலில் துளையிட்டு எடுத்த படிவுகளைப் பாதுகாக்கிறார்கள். ஆய்வாளர்கள் விண்ணப்பித்து மாதிரி பெறலாம்.

சேர்வதற்கு முன் நெறியாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கருவி அவர் ஆய்வகத்திலேயே இருக்கிறதா, வெளியே காத்திருக்க வேண்டுமா? ஒரு பருவம் கைவிட்டுப்போனால் வேலை செய்ய, ஏற்கெனவே சேகரித்த மாதிரிகள் அவரிடம் இருக்கின்றனவா?